தேயிலைத் தூரில் மாசி விளைந்த கதை

எங்கள் வீட்டில் 'கதை' என்பது வசவுச் சொல்லாகத்தான் புழங்கியது. இந்த மாதம் சம்பளம் தள்ளிப்போகும் என்று அப்பா வந்து சொன்னால், "இது யார் விட்ட கதை?" என்று கேட்பாள் அப்பாயி. பள்ளியில் நடந்ததை நான் சற்று நீட்டிச் சொன்னால் "கதை அளக்காதே" என்பாள். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்து மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் வரிசை வீடுகளில் மற்றப் பாட்டிமார்கள் மழைக்காலத்தில் பேரப்பிள்ளைகளைக் கம்பளிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு ராஜா ராணிக் கதை சொல்வார்கள். என் அப்பாயி அடுப்பில் விறகைத் தள்ளியபடி பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. "கதையைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் கடலைத் தாண்டினார்கள்" என்று எனக்கு விவரம் தெரிந்தபின் ஒரே ஒரு முறை சொன்னாள். அவளுடைய பாட்டனை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கூட்டிப்போன கங்காணி, அங்கே தேயிலைத் தூரைக் கிளறினால் மாசிக் கருவாடும் தேங்காயும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாராம். இலங்கையின் மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பஞ்சத்தில் கஞ்சிக்கே வழியில்லாமல் இருந்தவனுக்கு மாசியும் தேங்காயும் எப்பேர்ப்பட்ட விருந்தாகத் தோன்றியிருக்கும்! தூருக்கு அடியில் கிடைத்தது ரத்தம் குடிக்கும் அட்டைதான்.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு ஜெர்மன் சிறுவர் நாவலைப் பற்றி. மிஹாயேல் எண்டே எழுதி 1979-இல் வெளிவந்தது. ரால்ஃப் மான்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1983-இல் வந்தது. தமிழில் சொன்னால், 'முடிவில்லாத கதை'. அந்த நாவலைப் பற்றிப் பேச எனக்கு வேறு வாசல் தெரியவில்லை. மாசி, தேங்காய் வழியாகத்தான் என்னால் அதற்குள் போக முடிகிறது.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது உக்கடம் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதை வாங்கினேன். அட்டை கிழிந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளை பால்பாயின்ட் பேனாவால் பாம்பு வரைந்திருந்தது. விடுதி அறையில் படித்து முடித்த இரவு எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. பிறகு இருபது வருடங்கள் அது என் தகரப் பெட்டியில் கிடந்தது. இப்போது நான் இதே வட்டத்தில் ஆசிரியை. அண்ணனும் அண்ணியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பத்து வயது மகள் எங்களோடு இருக்கிறாள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கத்தில் எப்படி இறங்கும் என்பது தேவாலா, சேரம்பாடிக்காரர்களுக்குத் தெரியும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று காலையிலேயே ஆட்சியரின் அறிவிப்பு வந்துவிடும். மின்சாரம் போய்விடும். சென்ற வருடம் அப்படிப்பட்ட விடுமுறை நாள் ஒன்றில்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. பாஸ்டியன் என்ற பையன். பத்துப் பதினொரு வயது, குண்டு, பயந்த சுபாவம், படிப்பில் மட்டம். அம்மா இறந்துவிட்டாள். பல் கட்டும் தொழில் செய்கிற அப்பா, அவள் போனதிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டார். வகுப்புப் பையன்கள் துரத்த, பாஸ்டியன் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் ஓடி ஒளிகிறான். கடைக்காரர் தொலைபேசியில் பேசப் போன நேரத்தில் அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்துகொண்டு படிக்கத் தொடங்குகிறான். அந்தப் புத்தகத்துக்குள் ஃபண்டாஸ்டிகா என்று ஒரு நாடு. அதன் குழந்தை மகாராணி நோயில் கிடக்கிறாள். நாட்டை 'ஒன்றுமில்லை' என்ற ஒன்று தின்றுகொண்டு வருகிறது. மருந்து தேடி அட்ரேயு என்ற வேட்டைக்காரச் சிறுவன் புறப்படுகிறான்.

ஜெர்மன் மூலத்தில் இரண்டு நிற மை. பாஸ்டியன் வாழும் மனித உலகம் சிவப்பில், ஃபண்டாஸ்டிகா பச்சையில். என் பிரதி மலிவுப் பதிப்பு. எல்லாம் கறுப்பு மை. மனித உலகத்துக்குச் சாய்ந்த எழுத்து. இதைச் சொன்னதும் மருமகள் எழுந்து போய்ச் சிவப்புப் பென்சிலும் பச்சைப் பென்சிலும் கொண்டுவந்தாள். நான் வாசிக்க வாசிக்க, பக்க ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். பழைய புத்தகத்தில் கிறுக்கலாமா என்று எனக்குள் இருந்த ஆசிரியை எழுந்து வந்தாள். பாம்பு வரைந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

இந்த நாவலின் கட்டுமானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இருபத்தாறு அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் ஏ என்ற எழுத்தில் தொடங்கும், அடுத்தது பி, கடைசி அத்தியாயம் இசட். ஆங்கிலத்திலும் மான்ஹைம் அதைக் காப்பாற்றியிருக்கிறார். நமக்கு இது புதிதல்ல. 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று அகர வரிசையில் வாழ்க்கையையே அடுக்கிய ஔவையின் மொழி நம்முடையது. இன்னொன்றும் இருக்கிறது. நாவலின் நடுவில் மலைமேல் ஒரு கிழவர் உட்கார்ந்து, உலகத்தில் நடப்பதையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். மகாராணி அவரிடம் போய், அந்தக் கதையை முதலிலிருந்து சொல் என்கிறாள். அவர் தொடங்குகிறார்: பழைய புத்தகக் கடை, மழையில் ஓடிவரும் குண்டுப் பையன். கதை வந்து வந்து, கிழவர் கதை சொல்லத் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் மறுபடியும் கடை, மறுபடியும் பையன். வெளியே படித்துக்கொண்டிருக்கும் பாஸ்டியன் வாய் திறக்கும்வரை அந்தச் சுழலிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. அந்தாதி படித்தவர்களுக்கு இந்தச் சுழற்சி பிடிபடும். முடிந்த சொல்லே தொடங்கும் சொல்லாகிக் கடைசிப் பாட்டு முதல் பாட்டில் போய் மண்டலித்து நிற்கும். அந்தாதியில் அது பக்தியின் இன்பம். எண்டே அதையே சிறையாக்கிக் காட்டுகிறார். படிக்கிறவன் துணியாவிட்டால் கதைக்கு மீட்சியில்லை!

'ஒன்றுமில்லை' என்ற பெயரை வைத்தது மருமகள்தான். நான் முதலில் சூன்யம் என்றேன். அது மாந்திரீகக்காரன் வைப்பது என்று தள்ளிவிட்டாள். இன்மை என்றேன். "அது பாடப் புத்தகத்தில் வருவது, அத்தை" என்றாள். நாவலில் அது இருட்டாகவோ பள்ளமாகவோ வருவதில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் பார்வையே போய்விட்டது போலிருக்கும் என்று எழுதுகிறார் எண்டே. ஜன்னலுக்கு வெளியே அப்போது மூடுபனி ஏறிவந்து தேயிலைச் சரிவையும் சில்வர் ஓக் மரங்களையும் எதிர் வரிசை வீடுகளையும் விழுங்கியிருந்தது. எனக்கு உவமை கைக்கு அகப்பட்டுவிட்டது. "அதோ, அந்த மாதிரி" என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "பனி போனால் மரம் இருக்கும், அத்தை. இது போனாலும் மரம் இருக்காதே." மலையில் பிறந்த பிள்ளைக்குப் பனி பயம் தருவதில்லை. அது எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இத்தனைக்கும் அப்பாயி அதே அறையில்தான் இருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டியவள். பார்வை மங்கினாலும் விரல்களுக்குக் கல் தெரியும். முதல் மூன்று நாட்கள் அவள் கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. துயரச் சேற்றில் அட்ரேயுவின் குதிரை நம்பிக்கையிழந்து அமிழ்ந்து போன இடத்தில் மருமகள் விசும்பியபோதுகூட அப்பாயி திரும்பவில்லை.

நான்காவது நாள் ஓநாய் வந்தது.

க்மோர்க் என்று பெயர். ஆளில்லாத பேய் நகரம் ஒன்றில் சங்கிலியில் கட்டுண்டு செத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வந்த அட்ரேயுவிடம் அது ஒரு ரகசியத்தைச் சொல்கிறது. ஃபண்டாஸ்டிகாவின் உயிர்கள் 'ஒன்றுமில்லை'க்குள் விழுந்தால் அழிந்துபோவதில்லை. மனித உலகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. ஆனால் அங்கே அவை பொய்களாகிவிடுகின்றன. மனிதர்களின் தலைக்குள் புகுந்துகொள்ளும் மயக்கங்களாகிவிடுகின்றன. அந்தப் பொய்களைக் கையில் வைத்திருப்பவர்கள் மனிதர்களைத் தேவையில்லாததை வாங்க வைக்கலாம், அறியாததை வெறுக்க வைக்கலாம், இழுத்த இழுப்புக்கு நடக்க வைக்கலாம்.

1929-இல் பிறந்து, நாஜி ஆட்சியில் வளர்ந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அவருடைய தந்தை எட்கார் எண்டே ஓவியர். கனவுக் காட்சிகளை வரைந்தவர். அந்த ஆட்சி அவரைத் தடைசெய்தது. அதே ஆட்சி பழைய புராணங்களையும் வீரக் கதைகளையும் எடுத்துக் கொடியாக்கிப் பிடித்து ஒரு தேசத்தையே நடத்திச் சென்றது. பிள்ளைகளுக்குச் சொல்லும் கற்பனைக் கதை ஆபத்தில்லாத சமாச்சாரம் என்று எண்டேயால் எண்ணியிருக்க முடியாது. கதை பொய்யாக மாறும் விதத்தை அவர் கண்ணெதிரில் பார்த்தவர்.

நான் அந்தப் பகுதியைச் சொல்லி முடித்தபோது முறத்தின் சத்தம் நின்றிருந்தது.

"ஓநாய் சொல்வது சரி" என்றாள் அப்பாயி, திரும்பாமலே.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம்.

"மாசியும் தேங்காயும் முதலில் நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும். பசித்த பிள்ளையைத் தூங்கவைக்க யாரோ ஒரு தாய் சொல்லியிருப்பாள். அதைக் கங்காணி எடுத்துக்கொண்டான்."

இந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இதற்கு ஈடான வரி எனக்குக் கிடைக்கவில்லை. தமிழில் 'கதை' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. கதை கேட்பது, கதை விடுவது. 'கற்பனை' என்ற சொல்லுக்கும் அதே கதிதான். "அதெல்லாம் உன் கற்பனை" என்றால் நீ சொல்வது பொய் என்று பொருள். நம் மொழி இந்த இரண்டையும் பிரிக்கச் சோம்பல்பட்டுவிட்டது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே உயிர்தான் என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று இளங்கோ சொன்னது போல. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. குளிர்ந்து கிடந்த நிலம்தான் திரிந்து பாலையாகிறது.

அன்றிலிருந்து அப்பாயி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மகாராணியின் நோய்க்கு மருந்து ஒரு புதுப் பெயர். ஃபண்டாஸ்டிகாவில் பிறந்த யாராலும் அதை வைக்க முடியாது. மனிதப் பிள்ளைதான் வைக்க வேண்டும். பாஸ்டியனுக்குப் பெயர் தெரியும். மனதில் வந்துவிட்டது. ஆனால் அவன் கூப்பிட மாட்டேன் என்கிறான். அவள் எதிர்பார்ப்பது ஓர் அழகான வீரனை. தொளதொள உடம்போடு தான் போய் நின்றால் அவள் முகம் வாடிவிடும் என்று கூச்சம். அந்தத் தயக்கத்தில் நாடு முழுவதும் அழிகிறது. இந்த இடத்தில் எண்டேயின் மேல் எனக்கு உண்டாகும் அன்பு கொஞ்சநஞ்சமில்லை. உலகம் அழியக் காரணம் ஒரு கெட்ட அரசனோ அரக்கனோ என்று எழுதாமல், ஒரு குண்டுப் பிள்ளையின் கூச்சம் என்று எழுத எவ்வளவு தூரம் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும்! என் வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, "நீ என்ன பெயர் வைப்பாய்?" என்று மருமகளிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வைத்துவிட்டதாகவும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். சரி என்று பாஸ்டியன் வைத்த பெயரை வாசித்தேன்: நிலாப்பிள்ளை. "பரவாயில்லை" என்றாள். மகாராணி ஏன் கோபுரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளும் போய்த் தேடினால் என்ன என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. இந்த நாவலில் பெண்பிள்ளைகள் அலைவதில்லை.

"பெயர் வைத்துவிட்டார்களா?" என்று அப்பாயி கேட்டாள். வைத்துவிட்டார்கள் என்றோம். "சரியாகத்தானே எழுதிக்கொண்டார்கள்?" என்றாள். மருமகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை என்ன செய்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968 முதல் நீலகிரியில் அரசே தேயிலை பயிரிட்டது. அப்பாயியின் குடும்பம் 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தது. அந்த வழியில் எங்கோ ஒரு மேசையில், யாரோ ஒருவர் அவள் சொன்னதை ஒன்றாகக் கேட்டு வேறொன்றாக எழுதிவிட்டார். அங்கே எழுதிய அட்டையில் ஏறிய பெயரே தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஏறியது. பிறகு ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் அதுதான். இந்த மண்ணில் யாரும் அவளை அவளுடைய பெயரால் கூப்பிட்டதே இல்லை. தாத்தா "இந்தா" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அப்பாவைக் கேட்டால், வரும்போது அவருக்கு ஒன்பது வயது, அரைகுறையாக ஏதோ நினைவிருக்கிறது என்பார். அப்பாயியிடம் கேட்டால், "அது எதற்கு இப்போது?" என்று முடித்துவிடுவாள்.

1984-இல் இந்த நாவல் திரைப்படமாக வந்தது. பறக்கும் நாகம் பலருக்கு நினைவிருக்கும். படம் ஏறக்குறைய நாவலின் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது. எண்டே அதை ஏற்கவில்லை. அவருடைய கோபம் எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் நாவலின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. முதல் பாதியில் பாஸ்டியன் கதைக்குள் போகிறான். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற ஆசை. வாசிப்பைப் புகழ்கிற புத்தகங்கள் பெரும்பாலும் அந்த வாசலோடு நின்றுவிடும். எண்டே உள்ளே கூட்டிப்போய், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் காட்டுகிறார்.

உள்ளே போன பாஸ்டியனுக்கு ஒரு பதக்கம் கிடைக்கிறது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் என்ன ஆசைப்பட்டாலும் நடக்கும். ஒவ்வோர் ஆசைக்கும் மனித உலகத்தின் ஒரு நினைவு கழிந்துபோகும். அழகனாக வேண்டும் என்கிறான். தான் குண்டாக இருந்தது மறந்துவிடுகிறது. வீரனாக வேண்டும் என்கிறான். தான் பயந்தாங்கொள்ளியாக இருந்தது மறந்துவிடுகிறது. மறந்தது எது என்றும் அவனுக்குத் தெரியாது. இதற்கு நடுவே போர், படையெடுப்பு என்று சில அத்தியாயங்கள் இழுக்கின்றன. அவற்றை நான் மூன்று வாக்கியத்தில் கடந்துவிட்டேன். பிறகு பழைய பேரரசர்களின் நகரம் வருகிறது. முன்பு வந்த மனிதர்கள், திரும்பிப் போக வழியில்லாமல் அங்கே கிடக்கிறார்கள். எழுத்துப் பொறித்த கட்டைகளை வீசி வீசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நினைவுகள் தீர்ந்துபோனதால் அவர்களால் இனி எதற்கும் ஆசைப்படவும் முடியாது.

"வீட்டுக்குப் போகவே முடியாதா?" என்று மருமகள் கேட்டாள். அவளுடைய வீடு திருப்பூரில் ஒரு வாடகை அறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அவள் பார்ப்பது. முடியாது என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.

அப்பாயி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். "இங்கே வேலை கிடைத்தது. அங்கே காலையில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு எந்தப் பக்கமாகப் போவோம் என்பது போய்விட்டது. வீடு கிடைத்தது. லயத்து வீட்டு வரிசையில் எத்தனை காம்பரா அறை என்பது போய்விட்டது. உன் அப்பனுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது." அந்த விரலை மடக்கியவள் அதற்கு எதிராக எதைச் சொல்வது என்று தேடினாள். கிடைக்கவில்லை. எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கல்லூரி விடுதியில் நான் அழுதது எதற்கு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்த வயதில் நான் படிப்பால் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் வந்தது, நகரத்து நடை வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதையோ கொடுத்துக்கொண்டும் இருந்தேன். விடுதித் தோழிகள் என் ஊரைக் கேட்டால் நீலகிரி என்பேன். அவர்கள் ஊட்டி என்று எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒன்று உண்டு. எல்லாம் மறந்து, தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாஸ்டியன் ஒரு சுரங்கத்துக்கு வந்து சேர்கிறான். மனிதர்கள் கண்டு மறந்த கனவுகள் அங்கே மண்ணுக்குள் மெல்லிய படங்களாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. யோர் என்ற கிழவர் அவற்றைத் தோண்டி எடுத்துப் பனிவெளியில் பரப்பிவைக்கிறார். வெளிச்சத்தில் அவருக்குக் கண் தெரியாது. சுரங்கத்து இருட்டில் தெரியும். பாஸ்டியன் தன்னுடைய படத்தைத் தேடி நாள்கணக்கில் சத்தமில்லாமல் தோண்டுகிறான். கடைசியில் ஒரு படம் கிடைக்கிறது. வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர், கையில் சாந்தில் வார்த்த பல் வரிசை, சுற்றிலும் பனிக்கட்டி. உறைந்து நிற்கிறார். அது யாரென்று பாஸ்டியனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று தோன்றுகிறது. அந்த ஏக்கத்துக்கு அவன் விலையாகக் கொடுப்பது கடைசியாக மிஞ்சியிருந்த தன் பெயரை.

எட்கார் எண்டேயின் மியூனிக் ஓவியக்கூடம் 1944-இல் குண்டுவீச்சில் எரிந்தது. ஏராளமான படங்கள் சாம்பலாயின. அப்போது மகனுக்குப் பதினான்கு வயது. அந்த மகன் பின்னாளில் இப்படியொரு சுரங்கத்தை எழுதினார் என்பதை நினைத்தால், நான் அந்தப் பக்கங்களை வேகமாக வாசிக்க முடியாமல் போகிறேன். அன்றும் மெதுவாகத்தான் வாசித்தேன்.

"அப்பாயி, நீ தோண்டினால் என்ன படம் வரும்?" என்று மருமகள் கேட்டாள்.

பதில் இல்லை. மழையும் விட்டுவிட்டது. பள்ளி திறந்து, வாசிப்பு நின்று போனது. பத்து நாள் கழித்து மறுபடியும் விடுமுறை வந்தது. கடைசி அத்தியாயங்களுக்கு உட்கார்ந்தோம். உயிர்த்தண்ணீர் ஊறும் இடத்துக்குப் பாஸ்டியன் வந்து சேர்கிறான். உள்ளே போக வேண்டுமென்றால், நீ யார் என்று கேட்கிறார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அட்ரேயு அவனுக்காகச் சொல்கிறான். இன்னார் என்று முழுப் பெயரையும் சொல்கிறான். பாஸ்டியன் தண்ணீரைக் குடிக்கிறான். தன் அப்பாவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று கையில் ஏந்திக்கொண்டு பாய்கிறான். பரணில் வந்து விழும்போது கை காலியாக இருக்கிறது. வீட்டுக்கு ஓடி, நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்கிறான். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணில் நீர் வருகிறது. தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது என்று பாஸ்டியனுக்கு அப்போது தெரிகிறது.

"பையனுக்கு மறந்துபோனதை அந்த இன்னொரு பையன்தானே சொன்னான்?" என்று அப்பாயி கேட்டாள்.

"ஆமாம், அப்பாயி."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"முன்பே இவன் சொல்லியிருப்பான்" என்றாள் மருமகள். "சொல்லியிருந்தால்தானே தெரியும்?"

அப்பாயி கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சரிவில் பனி விலகி, தேயிலை வரிசைகள் ஈரத்தோடு தெரிந்தன. பிறகு என்னிடம் சொல்லாமல், மருமகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து, காதருகில் வாய் வைத்து ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கும் கேட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

மருமகள் கட்டிலில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து, "இதில் வருவது சின்ன ர-வா, பெரிய ற-வா?" என்று கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள்? தன் பெயரை மறுபடியும், இம்முறை உரக்கவே, எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னாள். பிள்ளை எழுதி முடித்து, விரல் வைத்து வாசித்தாள்.

"இன்னொரு தடவை வாசி" என்றாள் அப்பாயி.